கடல் கடந்த கல்வியும் வன்னி வரலாறும்

தம் நாட்டின் பழமையை ஆராய்வதற்குத் தாமே கடல் கடந்து செல்ல நேர்ந்தமை ஈழத்து வரலாற்றுக் கல்வியின் விந்தைகளுள் ஒன்றாகும். 1960களில் இலண்டன் சென்ற தமிழ் மாணவர் சிலர் ஆங்கு மேலைநாட்டு வரலாற்றையன்றித் தம் தாயகத்தின் வரலாற்றையே ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். கா. இந்திரபாலா ஈழத்துத் திராவிடக் குடியேற்றங்களை ஆராய்ந்து 1965இலும், சி. பத்மநாதன் யாழ்ப்பாண இராச்சியத்தை ஆராய்ந்து 1969இலும் இலண்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றனர். அதனையடுத்து 1970இற் பத்மநாதனின் 'வன்னியர்' என்னும் தமிழ் நூல் வெளிவந்தது.

அதற்கு முன்னர் வன்னியைப் பற்றி அறிய விரும்பியோர் பெரிதும் நாடியது, ஆங்கிலேய அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கைந்நூலையே. தகவல் நிறைந்ததாயினும் அது ஆள்வோர் நோக்கில் எழுந்தது. வன்னியின் கதையோ அதற்கும் அப்பாற்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறும் சூளவம்சப் பகுதிகளில் வன்னி அரசர் இடம்பெறுகின்றனர். வையாபாடல் அடங்காப்பற்றின் குடியேற்றங்களைக் கூறுகின்றது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று முதலிய பிரிவுகளை ஆண்ட வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தியமையை ஒல்லாந்த ஆவணங்கள் காட்டுகின்றன. பாளி, தமிழ், ஐரோப்பிய மொழிகள் எனப் பலவற்றிற் சிதறிக் கிடக்கும் இச்சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கும் முறையே அந்நிய நாட்டுக் கல்வி அளித்த பெரும் பயனாகும்.

எனினும் ஆவணங்கள் மட்டும் போதா. 1803 ஓகஸ்ட் மாதம் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றான். ஆங்கு ஆங்கிலேயர் நாட்டிய கல் வொன் டிறிபேர்க் என்னும் தளபதியின் வெற்றியைப் பொறித்தது. மக்களோ தோற்றவனையே வீரனாகப் போற்றினர், நாடகமாகவும் நடித்தனர். கல்லை மட்டும் வாசிப்பவன் ஒரு போரையே காண்பான். மக்கள் நினைவையும் கேட்பவனே ஒரு நாட்டைக் காண்பான்.

பெற்ற பட்டமும் முடிந்த முடிபன்று. தமது ஆய்வேட்டில் வெளியிட்ட கருத்துகள் பலவற்றை, பின்னர் கிடைத்த தொல்லியற் சான்றுகளின் துணைகொண்டு இந்திரபாலா 2005இல் வெளியிட்ட நூலில் மாற்றியமைத்தார். தம் முடிபைத் தாமே திருத்தும் இத்துணிவே ஆய்வாளனுக்கு அணியாகும்.

2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வுகளும் வன்னி மக்களின் உடைமைகளோடு நினைவுகளையும் சிதைத்தன. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்தியங்கத் தொடங்கியது. இன்று வன்னி மாணவன் தன் மண்ணிலேயே உயர்கல்வி பெறலாம். இலண்டனிற் பயின்றோர் கொணர்ந்த ஆய்வுமுறையை அவன் கைக்கொள்ளல் வேண்டும். அவர்கள் தொலைவிலிருந்து எட்டவியலாத முதியோர் வாய்மொழியை, அது மறையுமுன், பதிவு செய்தலும் வேண்டும். இவ்விரண்டும் கூடும்போதே வன்னியின் வரலாறு நிறைவுறும்.