அழிக்க இயலாத பத்துப் படங்கள்

திருப்பெரும்புதூர் இன்று கேமராக்களின் ஊர். 2006இல் நோக்கியா நிறுவனம் அங்கே கைப்பேசி ஆலையைத் தொடங்கியது. 2014இல் அது மூடப்பட்டது. ஆயினும் அருகிலுள்ள சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலை ஆப்பிள் கைப்பேசிகளை உருவாக்கி வருகின்றது. அவை நொடிக்கொரு படம் எடுக்கும். வேண்டாததை நொடியில் அழிக்கும். அப்படியிருக்க, இளைஞர் சிலர் மீண்டும் பழைய பிலிம் சுருளை நாடுவது ஏன்? விடையின் ஒரு பகுதி அவ்வூரின் வரலாற்றிலேயே இருப்பதாக நாம் கருதுகின்றோம்.

1991 மே 21ஆம் நாள் இரவு அங்கே ராஜீவ் காந்தி படுகொலையுண்டார். நிகழ்வைப் படமெடுக்கச் சதிகாரர்கள் அழைத்து வந்திருந்த இளம் ஒளிப்படக்காரர் அரிபாபுவும் குண்டுவெடிப்பில் மாண்டார். அவருடைய கேமராவோ சிதையாமல் கிடைத்தது. சுருளைக் கழுவியபோது பத்துப் படங்கள் தெரிந்தன. அவற்றுள் ஒன்றில், கையில் மாலையுடன் காத்து நிற்கிறாள் ஒரு பெண். அவளே குண்டைச் சுமந்து வந்த தணு. எவரும் அறிந்திராத அம்முகத்தைப் புலனாய்வாளருக்குக் காட்டிக்கொடுத்தது அச்சுருளே. கொலையாளிகள் தமக்கென எடுக்கச் செய்த படம், அவர்களுக்கெதிரான சாட்சியாயிற்று!

பிலிமின் இயல்பு அது. ஜெலட்டினில் பதிந்த வெள்ளி உப்பின்மீது, அவ்விடத்தில் அப்போதிருந்த ஒளியே விழுந்து தடம் பதிக்கின்றது. பிலிமிலும் பொய் புனைந்தோர் உண்டு. ஸ்டாலின் காலத்து ரஷ்யாவில் வேண்டாதவர்களின் உருவங்களைப் படங்களிலிருந்து நீக்கினர். ஆனால் நெகட்டிவ் எஞ்சியிருக்குமாயின் பொய்யை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலம் கையில் இருக்கும். கருவியே முகங்களைப் புனைந்து தரும் இந்நாளில் அம்மூலத்தின் மதிப்பு சிறிதன்று. முப்பத்தாறு படங்களே உண்டு என்னும் சிக்கனமும், கழுவி வரும்வரை காத்திருத்தலும் இளைஞரைக் கவர்வது மெய்யே. எனினும் அவை இரண்டாம் பட்சம் என்போம்.

அத்தகைய பிலிமைத் தமிழகமே ஒரு காலத்தில் தயாரித்தது. 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்பது வணிகப் பெயர். நிலவு என்று பொருள். வெள்ளியால் இயங்கும் பொருளுக்கு எத்துணைப் பொருத்தம்! நம் மருத்துவமனைகளின் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தது. கடன் பெருகி, மின்னணுப் படங்களும் வந்தபின் ஆலை மூடப்பட்டது. இன்று திருப்பெரும்புதூர்ச் சாலையில் ஓர் இளைஞர் தம் தந்தையின் கேமராவுக்குச் சுருள் தேடினால், அது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும்.