சேதனப் பொருளில் மின்னும் ஒளியும்: ஒரு வரலாற்று நோக்கு

மெழுகு, பிசின், பிளாத்திக்கு முதலிய சேதனப் பொருள்கள் மின்னைக் கடத்தா என்பதே நெடுங்காலப் பாடம். மின்கம்பிக்கு அவற்றால் உறையிட்டமையும் அதனாலேயே. சேதனப் பொருளினூடே மின்னைச் செலுத்தி ஒளி பெற்ற வரலாற்றையும், அதனோடு யாழ்ப்பாணத்துக்குள்ள தொடர்பையும் ஈண்டு நோக்குவோம்.

1963இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மாட்டின் போப்பும் அவர்தம் குழுவினரும் அந்திரசீன் பளிங்கில் மின்னொளிர்வைக் கண்டனர். ஆயின் அதற்கு நூற்றுக்கணக்கான உவோற்று வேண்டியிருந்தது. சிலிக்கன் பளிங்கில் இலத்திரன் எளிதில் ஓடும். சேதனப் படலத்திலோ மூலக்கூற்றுக்கு மூலக்கூறு தாவியே செல்லும். நேரேற்றமுடைய துளைகளும் அவ்வாறே. துளையும் இலத்திரனும் சந்தித்தாலன்றி ஒளி பிறவாது. பல பொருள்களில் ஒன்று விரைய மற்றையது பின்தங்கும். விரைந்தது வீணே மறுமுனையை அடையும்.

இக்குறையை 1987இல் கோடக் நிறுவன ஆய்வாளர் சிங் டாங், ஸ்டீவன் வான் சிலைக் ஆகியோர் நீக்கினர். துளையைக் கடத்தும் படலமொன்றையும் இலத்திரனைக் கடத்தும் படலமொன்றையும் அவர்கள் அடுத்தடுத்து அமைத்தனர். இரு படலங்களும் சேர்ந்து மயிரிழைத் தடிப்பின் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கே. இடைமுகத்தில் ஏற்றங்கள் தடைப்பட்டுச் சந்தித்தன. பத்து உவோற்றுக்கும் குறைந்த அழுத்தத்தில் ஒளி பிறந்தது. 1990இல் கேம்பிரிட்ஜில் பறோஸ், பிராட்லி, பிரெண்ட் முதலியோர் கரைசலிலிருந்து படியவைத்த பல்பகுதியப் படலத்திலும் ஒளி பெற்றனர்.

இத்துணை மெல்லிய படலத்துள் ஏற்றம் செல்லும் விதத்தை அறிய உதவுவனவற்றுள் ஒன்று மின்தடங்கல் அளவீடாகும். நேரோட்ட அழுத்தத்தின்மேல் சிறிய ஆடலோட்ட அழுத்தத்தைச் சேர்த்து, மீடிறனைப் படிப்படியாக மாற்றுவர். தாழ்ந்த மீடிறனில் ஏற்றங்கள் அவ்வாட்டத்தைப் பின்தொடரும். உயர்ந்த மீடிறனில் பின்தொடர இயலாமையால் சாதனம் வெறுங் கொள்ளளவி போலாகும். இம்மாற்றம் நிகழும் மீடிறனிலிருந்து ஏற்றம் படலத்தைக் கடக்கும் நேரத்தை மதிப்பிடலாம். சாதனத்தைப் பிளவாமலே அதன் அகநிலையை அறியும் வழி இது.

கேம்பிரிட்ஜில் பல்பகுதியம் ஒளிர்ந்த 1990ஆம் ஆண்டிலேயே போர் மீண்டும் மூள, யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வழங்கலை இழந்தது. பின்வந்த ஆண்டுகளில் மாணவர் ஜாம் போத்தல் விளக்கொளியிற் படித்தனர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். எனினும் கல்வி அறவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் புண்ணியமூர்த்தி இரவிராஜன், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெனி நெல்சன் முதலியோருடன் ஆய்வு செய்து, தைத்தானியம் ஈரொட்சைட்டும் பல்பகுதியமும் சேர்ந்த சூரியக்கலம் பற்றி 2004இல் கட்டுரை வெளியிட்டார். அதன் ஆசிரியருள் ஒருவர் 1990ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பிற் பங்குகொண்ட அதே பிராட்லி ஆவார். சூரியக்கலம் ஒளிகாலும் இருவாயியின் மறுதலை: ஒன்று மின்னை ஒளியாக்கும், மற்றையது ஒளியை மின்னாக்கும். ஏற்றம் தாவுதல், இடைமுகத்தைக் கடத்தல் என்னும் வினாக்கள் இரண்டுக்கும் பொது. பின்னர் அவ்வாய்வு யாழ்ப்பாணத்திலும் வேரூன்றியது.

போர்க்காலத்திற் புலம்பெயர்ந்த கற்றோர் பலர் மீளவில்லை. ஆதலின் ஓர் ஆய்வுத்துறை இங்கு நிலைபெற்றமை சிறு செய்தியன்று. ஏற்றம் தாவுதற்கு அடுத்த மூலக்கூறு அருகிருத்தல் வேண்டும். அறிவு தாவுதற்கும் கற்பிப்போர் அருகிருத்தல் வேண்டும். அவரை இம்மண்ணில் இருத்துவதே பல்கலைக்கழகத்தின் தலையாய கடனாகும்.