கடைக்கு இடம் தேடிய கணக்கு



எந்த முக்கில் கடை போட்டால் ஓடும் என்று நம்மூர் அண்ணாச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையே சூத்திரமாக்கி வகுப்பறைக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள். 1931-இல் வில்லியம் ரெய்லி, நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கடைத்தெருவுக்கு இழுத்து வந்தார். ஊர் பெரிதானால் இழுப்பு கூடும்; தூரம் கூடினால் குறையும். 1960-களில் டேவிட் ஹஃப் அதைத் தனித்தனிக் கடைகளுக்குப் பொருத்தினார். வீட்டிலிருந்து 10 நிமிடத்தில் 100 சதுர மீட்டர் கடை, 20 நிமிடத்தில் 800 சதுர மீட்டர் கடை என்று வையுங்கள். பரப்பை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1, 2 என்று வரும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு தூரத்துக் கடைக்குத்தான்!

ஒரு வீட்டுக்குக் கையாலேயே போட்டுவிடலாம். ஊர் முழுக்கப் போட கம்ப்யூட்டர் வேணும். ஹார்வர்டில் 1965-இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் 'சைமேப்', பிரிண்டர் எழுத்துக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தே நிழல் காட்டியது. அங்கே பழகிய ஜாக் டேஞ்சர்மாண்ட் 1969-இல் மனைவி லாராவுடன் ரெட்லண்ட்ஸ் ஊரில் 'எஸ்ரி' கம்பெனியைத் தொடங்கினார். அதே ஊர்ப் பல்கலைக்கழகம் பின்னாளில் எம்.பி.ஏ. பாடத்திலேயே டிஜிட்டல் வரைபடத்தைச் சேர்த்தது.

இவ்வளவும் லாபக் கணக்கு. என்னைக் கேட்டால், வணிக மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறொரு வரைபடம். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று 200-க்கும் மேற்பட்ட நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பிரித்தது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பேட்டைகள் அநேகமாக எல்லாமே சிவப்பில்தான் விழுந்தன. அந்தத் தாள்கள்தான் கடனை மறுக்க வைத்தனவா, ஏற்கெனவே இருந்த பாகுபாட்டை எழுதி மட்டும் வைத்தனவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வீட்டு விஷயத்தில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது.

ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அந்தத் தாள்களை டிஜிட்டலாக்கி இலவசமாகவே வைத்திருக்கிறது. 'க்யூஜிஐஎஸ்' மென்பொருளும் இலவசம்தான். சிகாகோவைத் திறந்து, மேலே இன்றைய வருமானக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கூடவே ஒவ்வொரு பேட்டைக்கும் அதிகாரிகள் நிரப்பிய படிவத்தையும் படியுங்கள். வீடுகளின் வயசு, வாடகை எல்லாம் கேட்டுவிட்டு, இங்கே கறுப்பர் உண்டா, எத்தனை சதவீதம் என்று கேட்க அதில் தனியாக ஓர் இடமே விட்டிருக்கிறார்கள்.