செல் மின்னழுத்தப் பாவனை மென்பொருள்

செல்லின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே நிலவும் மின்னழுத்தத்தைக் கணினித் திரையில் கணக்கிட்டுக் காட்டி மாணவருக்குக் கற்பிக்கும் மென்பொருள். ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளியைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். தூண்டினால் ஓரிரு மில்லிநொடிக்குள் நேர்மின் பக்கம் தாவி, மீண்டும் கீழே இறங்கிவிடும்.

இந்தத் தாவலைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்கள் கேம்பிரிட்ஜின் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். கணவாயின் பருத்த நரம்பிழையில் அளந்தவற்றை 1952-ல் சமன்பாடுகளாக வெளியிட்டனர். அவற்றைத் தீர்க்க நம்பியிருந்த எட்சாக் கணினி அந்த நேரம் பார்த்து மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. எனவே ஹக்ஸ்லி, பிரன்ஸ்விகா என்ற கைச்சுற்றுக் கணக்குப்பொறியை வாரக்கணக்கில் சுற்றினார். வரைந்து பார்த்தால், நரம்பில் அளந்த வளைகோடும் கணக்கில் வந்த வளைகோடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன! 1963-ல் ஜான் எக்கிள்ஸுடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1980-களில் அந்த உழைப்பைக் கணினி ஏற்றுக்கொண்டது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹைன்ஸும் ஜான் மூரும் 'நியூரான்' மென்பொருளை வளர்த்தனர். கால்டெக்கில் 'ஜெனிசிஸ்' பிறந்தது. ஜெனிசிஸை உருவாக்கியோரில் ஒருவரான உபிந்தர் பல்லா பின்னர் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு வந்து, 'மூஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினார். இவை ஆய்வாளருக்கானவை. வகுப்பறைக்கென மூரும் ஆன் ஸ்டூவர்ட்டும் தயாரித்த 'நியூரான்ஸ் இன் ஆக்‌ஷன்' 2000-ல் குறுந்தகடாக வந்தது.

இந்தியக் கல்லூரிகளில் நரம்புப் பாடம் என்றால் நெடுங்காலம் தவளைதான். அதன் தசையைக் கைமோகிராஃபில் பொருத்தி, புகைபடிந்த தாளில் கோடு இழுக்கவைப்பார்கள். தசை சுருங்குவது தெரியும். செல்லுக்குள் நடப்பது தெரியாது. விலங்கியல் பாடங்களில் பிராணிகளை அறுப்பதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் அறிவித்தபோது, மாற்று ஏற்பாடு ஓரளவு தயாராகவே இருந்தது.

அந்த மாற்று, நடுவண் அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டம். ஐஐடி டெல்லி ஒருங்கிணைத்த இத்திட்டத்தில் ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் பங்கேற்றன. நரம்பு உடலியங்கியல் ஆய்வகத்தை உருவாக்கியது அமிர்தா பல்கலைக்கழகம். கேரளத்தின் கொல்லம் மாவட்ட அமிர்தபுரியில் அதன் வளாகம் இருக்கிறது.

மாணவர் செய்வது எளிது. பொட்டாசியம் செல்லுக்குள் 140, வெளியே 5 மில்லிமோலார் என்று வைத்துக்கொண்டால், செறிவு வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தத்தைக் கணிக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு உடல் வெப்பநிலையில் தருவது சுமார் மைனஸ் 89 மில்லிவோல்ட். வெளியளவை 20 ஆக்கினால் மைனஸ் 52. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே நல்ல தொடக்கம். பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினைக் கொடுத்தால் சோடியம் வாயில்கள் அடைபட்டு, மின்தாவல் அடியோடு நின்றுவிடும். இதையும் திரையிலேயே செய்து பார்க்கலாம்.

குறையும் உண்டு. திரையில் மின்முனை உடைவதில்லை, இரைச்சல் குறுக்கிடுவதில்லை, செல் பாதியில் சாவதுமில்லை. சமன்பாட்டைப் புரியவைப்பதில் இம்மென்பொருள் தவளையைவிடப் பல மடங்கு மேல். கைப்பழக்கம் வேண்டுமென்றால் மாணவர் ஆய்வகத்துக்குத்தான் போகவேண்டும்.