ஒரு மணங்கு, மூன்று எடைகள்: மெட்ரிக் முறைக்கு இந்தியா மாறியது ஏன்?

புது தில்லி: வங்காளச் சந்தையில் ஒரு மணங்கு சரக்கு என்றால் ஏறத்தாழ 37.3 கிலோ. அதே சொல் பம்பாயில் சுமார் 12.7 கிலோவையும், எட்டு வீசை கொண்ட சென்னை மணங்காக 11.3 கிலோவையும் குறித்தது. விடுதலை பெற்றபோது இந்தியாவுக்குக் கிடைத்த அளவு முறை இத்தகையதே. பெயர் ஒன்று, எடை பல என்ற நிலையில் வெளியூர்ச் சரக்கை வாங்குபவரும் விற்பவரும் ஒரே அளவைத்தான் பேசுகிறார்கள் என்பதற்கு உறுதி ஏதும் இருக்கவில்லை.

இதைச் சீர்செய்யும் முயற்சி புதிதன்று. கிலோகிராமுக்கு இணையான ‘சேர்’ ஒன்றை அடிப்படை எடையாகக் கொள்ளும் சட்டத்தை ஆங்கிலேய அரசு 1871-ஆம் ஆண்டிலேயே இயற்றியது. அது ஏட்டளவில் நின்றுபோனது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் 80 தோலா ஒரு சேர், 40 சேர் ஒரு மணங்கு என வரையறுத்தது. ஆயினும் உள்ளூர் எடைக்கற்கள் மறையவில்லை.

கணக்கிடும் சிரமம் தனி. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. மணங்கு 18 ரூபாய் 12 அணா எனில் மூன்று சேரின் விலை என்ன? விடை 1 ரூபாய் 6 அணா 6 பை. எழுத்தறிவு குறைந்திருந்த அந்நாளில் இதை மனத்தால் சரிபார்க்கக் கூடியவர்கள் சிலரே. கடைக்காரர் சொன்னதே பெரும்பாலும் கணக்காயிற்று. இன்று குவிண்டால் 1,875 ரூபாய் எனில், புள்ளியை இரண்டு இடம் நகர்த்தி மூன்றால் பெருக்கினால் மூன்று கிலோவின் விலை 56 ரூபாய் 25 காசு எனத் தெரிந்துவிடும்.

மாற்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட காலமும் கவனிக்கத்தக்கது. 1956-இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. பெருந்தொழிற்சாலைகள் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தன. இயந்திரங்களும் வரைபடங்களும் பெருகிய பின்னர் மாறுவதாயின் செலவு பன்மடங்காகும். அவ்வாண்டிலேயே எடை மற்றும் அளவைத் தரங்கள் சட்டம் நிறைவேறியது. ஆட்சி செய்த பிரிட்டனோ, 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற நாணயக் கணக்கை 1971 வரை கைவிடவில்லை.

இந்தியாவில் முதலில் மாறியது நாணயம். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது. சிக்கல் உடனே தலைகாட்டியது. ஓர் அணாவின் சரியான மதிப்பு 6.25 காசு, கால் காசுக்கு நாணயம் இல்லாததால் அது 6 காசு எனக் கொள்ளப்பட்டது. நான்கு அணாவுக்கு 25 காசு. எனவே ஓரணாப் பொருளை நான்கு முறை தனித்தனியே வாங்கினால் 24 காசு, ஒரே முறையில் வாங்கினால் 25 காசு! ஒரு காசு வேறுபாடு இன்று அற்பமாகத் தோன்றலாம். அணாக் கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு அது அவ்வாறு இருந்திருக்காது. ‘நயா’ என்ற அடைமொழி 1964 ஜூன் 1 அன்று நீக்கப்பட்டது.

எடைகளில் மாற்றம் 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பழைய அளவுகளும் புதியவையும் சில காலம் அருகருகே புழங்கின. 1962-இல் மெட்ரிக் எடை கட்டாயமாயிற்று. தற்போது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம் நடைமுறையில் உள்ளது. தர அலகு அல்லாத அளவில் விலை குறிப்பிடுவதை அது தடை செய்கிறது. நாட்டின் அளவுத் தரங்களைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பராமரிக்கிறது.

பழைய பெயர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 8 கிராம் என்ற புதிய கணக்கோடு பவுன் நிலைத்துவிட்டது, அதனால் குழப்பமில்லை. நிலத்தின் கதை வேறு. வட மாநிலங்களில் புழங்கும் ‘பிகா’ மேற்கு வங்கத்தில் 14,400 சதுர அடி. ராஜஸ்தானில் பக்கா பிகா எனப்படுவது 27,225 சதுர அடி. மணங்கு விட்டுச்சென்ற இடத்தில் பிகா நின்றுகொண்டிருக்கிறது. வேற்று மாநிலத்தில் மனை வாங்குவோர் பத்திரத்தில் சதுர மீட்டர் அல்லது ஹெக்டேர் கணக்கு எழுதப்பட்டுள்ளதா எனப் பார்த்துக்கொள்வது நல்லது.