மைனா வந்த வழி

கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டப்புறங்களில் விடியலில் கேட்பது மைனாவின் குரல். அதனை இம்மண்ணின் பழங்குடி என்றே பலரும் கருதுவர். அஃது அவ்வாறன்று. அடர்காட்டில் மைனாவுக்கு வாழ்வில்லை. 1909ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையால் கெடா ஆங்கிலேயர் செல்வாக்கிற்கு உட்பட்டபின், காடழிந்து ரப்பர் பெருகிற்று. ஆயினும் நிழலடர்ந்த ரப்பர் நிரைகளுக்குள்ளும் மைனா குடிபுகவில்லை. லயத்து முற்றம், மாட்டுத் தொழுவம், பள்ளித் திடல் எனக் குறும்புல்லும் பூச்சியும் கூரையிடுக்கும் வாய்த்த இடங்களையே அது நாடியது. மனிதர் திருத்திய நிலத்தைப் பற்றியவாறு வடக்கிலிருந்து தெற்கே பரவி, 1936இல் சிங்கப்பூரையும் எட்டியது. பழந்தமிழர் நாகணவாய் என்றழைத்த அப்பறவை, அழைப்பாரின்றியே வந்தது.

ஊர்க்காக்கையோ கப்பலேறிற்று. காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்கவென 19ஆம் நூற்றாண்டின் முடிவையொட்டி இலங்கையிலிருந்து அதனைக் கிள்ளானுக்குக் கொணர்ந்தனர். ஆளைப் போலவே பறவையையும் துரைமார் வருவித்தனர் போலும்! காப்பி வீழ்ந்தது, காக்கை பெருகிற்று. பின்னாளில் அதே கிள்ளானில் நகராண்மைக் கழகம் அதனைச் சுட்டு வீழ்த்த முற்பட்டது.

ரப்பரின் இடத்தைச் செம்பனை கவர்ந்தபின் எலி மலிந்தது. எலியைத் தேடிக் கூகை வந்தது. 1969இல் ஜொகூர்த் தோட்டமொன்றில் அது குஞ்சு பொரித்தமை பதிவாயிற்று. பின்னர் தோட்ட நிருவாகங்கள் கம்பம் நட்டு, மரப்பெட்டி பொருத்தி, அதற்கு வீடமைத்துக் கொடுத்தன. கூகை அலறினால் சாவு வருமென்று அஞ்சிய மக்களோ, அப்பெட்டிகள் எழுந்த அதே காலத்தில் லயங்களைக் காலி செய்துகொண்டிருந்தனர். அவர்கள் குடியேறிய நகர்ப்புற வீடுகளின் கூரையிடுக்கிலும் மைனா கூடு கட்டியிருந்தது.