பொறிப்பாவைகள்: காப்பியங்கள் முதல் கணினி விளையாட்டு வரை

பொறிப்பாவை என்பது மனிதரால் இயக்கப்படும் உருவத்தைக் குறிக்கும். தமிழ் இலக்கியத்தில் வரும் அதிசயப் பாவைகளைத் தாமே செயல்படுபவை, பிறரால் இயக்கப்படுபவை என இருவகையாகப் பிரிக்கலாம்.

தாமே செயல்படும் பாவைகள்

சங்கப் பாடல்கள் கொல்லிமலையில் இருந்த கொல்லிப்பாவையைக் குறிப்பிடுகின்றன. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் ஐவகை மன்றங்களுள் ஒன்று பாவை மன்றம். அரசன் நீதி தவறினால் அங்குள்ள பாவை பேசாமல் கண்ணீர் வடிக்கும். மணிமேகலையில் வரும் கந்திற்பாவை, முன்பு நடந்ததையும் இனி நடக்கப்போவதையும் கூறுகிறது. இவை எவருடைய கட்டளைக்கும் அடங்குவதில்லை.

இயக்கப்படும் பொறிகள்

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயைக்கு மயிற்பொறி செய்வித்தான். பொறியை வலப்புறம் திருகினால் அது மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். கட்டியங்காரனின் சூழ்ச்சியிலிருந்து கருவுற்றிருந்த விசயையைக் காப்பாற்றியது இதுவே. மயில் இறங்கிய சுடுகாட்டில் சீவகன் பிறந்தான்.

கொங்குவேளிர் இயற்றியது பெருங்கதை. இவரது ஊர் திருப்பூருக்கு அருகிலுள்ள விசயமங்கலம். யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் உதயணனைச் சிறைபிடிக்க, உஞ்சை நகர மன்னன் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றை அனுப்பினான். அதனுள் வீரர்கள் மறைந்திருந்தனர். உயிருள்ள யானை யாழுக்கு அடங்கும். எந்திர யானையோ உள்ளே இருப்பவருக்கே அடங்கும். இந்த வேறுபாட்டை அறியாததால் உதயணன் சிறைப்பட்டான். உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த பெருங்கதையில் தொடக்கப் பகுதி கிடைக்கவில்லை. எனவே இந்நிகழ்ச்சியைப் பிற்பகுதிக் குறிப்புகளாலும் உதயணகுமார காவியத்தாலும் அறிகிறோம்.

கணினி விளையாட்டுகளில்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: தி விண்ட் வேக்கர்' விளையாட்டில், நாயகன் லிங்க் ஓர் இசையால் கற்சிலைகளை இயக்கிப் புதிர்களை விடுவிக்கிறான். சிலையை இயக்கும்போது அவனது உடல் அசையாமல் நிற்கும். 2006இல் வந்த 'ட்விலைட் பிரின்சஸ்' விளையாட்டில் ஒரு மந்திரக்கோல் இப்பணியைச் செய்கிறது.

ஒப்பீடு

இவ்விளையாட்டுகளுக்கும் தமிழ்க் காப்பியங்களுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இரண்டிலும் வரும் கேள்வி ஒன்றே: பொறியை இயக்குபவர் யார்? விளையாட்டில் விடை தவறினால் மீண்டும் முயலலாம். உதயணனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.